ஒற்றை வரியில் கணக்கு முடியுமா?

செவ்வாய்ப்பேட்டை மண்டியில் சரக்கு எடுக்கும்போது சிட்டையை வரி வரியாகப் பார்க்கிறோம். எடையில் அரைக் கிலோ குறைந்தால் விடுவோமா? ஆனால் பல வருடம் உழைத்த கணக்குப்பிள்ளையை நிறுத்தும்போது மட்டும், "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒற்றை வரி எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து வாங்கிவிடுகிறோம்.

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். கையாடல் போன்ற குற்றத்தை முறையாக விசாரித்து, சாட்சியம் பதிவு செய்திருந்தால்தான் அதற்கு விலக்கு. நீக்கப்பட்டவர் மேல்முறையீடும் செய்யலாம்.

10 பேர் வேலை செய்யும் கடையானால், 5 ஆண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் கிராஜுவிட்டி உண்டு. மாதம் 13,000 ரூபாய் வாங்கியவருக்கு, 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500 ரூபாய். 12 ஆண்டுக்கு 90,000! ஒற்றை வரிக் கையெழுத்தால் இந்தப் பாக்கி அழிந்துவிடாது.

ஆகவே சம்பளம், நோட்டீஸ் தொகை, கிராஜுவிட்டி, கழிக்கும் முன்பணம் என்று இனம்வாரியாக எழுதுங்கள். உழைத்த சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். மற்றதை வீட்டாரோடு படித்துப் பார்க்க அவகாசமும் ஒரு நகலும் கொடுங்கள்.

நாளை அவர் எதிர்க்கடையிலேயே நிற்கலாம். நம் கடையின் நாணயத்தைப் பற்றி ஊருக்குச் சொல்லப்போவது அவர் வாய்தான்.