முதல் சீசன்ல யார் ஜெயிச்சா?

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ல ஒரு பஞ்சாயத்து. "ப்ரோ கபடி முதல் சீசன் கப் யாருக்கு?" ஒருத்தன் கேட்டான். பாதிப் பேர் யு மும்பான்னாங்க, மீதிப் பேர் பாட்னான்னாங்க. ரெண்டும் தப்பு. 2014 ஆகஸ்ட் 31 அன்று மும்பையில் நடந்த ஃபைனலில் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் 35, யு மும்பா 24. அந்த ஜெய்ப்பூருக்குக் கோச் நம்ம தமிழ்நாட்டுக்காரர், கே. பாஸ்கரன். அதைச் சொன்னதும் எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்து நான் கேட்ட கேள்விக்குத்தான் யாரும் வாயைத் திறக்கல: "அந்த எட்டு டீம்ல தமிழ்நாடு எங்கடா?"

இல்லை. மும்பை, பூனே, ஜெய்ப்பூர், பாட்னா, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, விசாகப்பட்டினம். அவ்வளவுதான். கபடிங்கிற பேரே 'கை பிடி'யிலிருந்து வந்ததுன்னு மேடைக்கு மேடை பெருமை பேசுற ஊருக்கு, முதல் மூணு வருஷம் டீமே கிடையாது. 2017-ல் லீக் 12 டீமா விரிஞ்சப்பதான் தமிழ் தலைவாஸ் வந்தது. அந்த வருஷ ஃபைனல் சென்னையில்தான் நடந்தது. ஆடினது பாட்னாவும் குஜராத்தும்.

இது ஏன்னு யோசிச்சா ஒரே பதில்தான். லீக்ல டீம் இருக்கணும்னா ஊர்ல கபடி இருந்தா போதாது, காசு போட ஒரு முதலாளி இருக்கணும். கபடி மட்டும்தான் வேணும்னா திண்டிவனத்துல இருந்து விழுப்புரம் வரைக்கும் ஒரு தடவை பஸ்ல வாங்க. மயிலம், விக்கிரவாண்டின்னு ரோட்டோரம் எங்க பார்த்தாலும் பொங்கல் சமயத்துல ஃப்ளெக்ஸ் தொங்கும்: 'மாபெரும் மின்னொளி கபடி போட்டி'. மல்லாட்டை புடுங்கின கொல்லையில மண்ணைச் சமம் பண்ணி, சவுக்குக் கட்டை நட்டு, நாலு ஃபோகஸ் லைட் கட்டி, விடிய விடிய ஆட்டம் நடக்கும்.

அப்படி ஒரு ஆட்டத்துலதான் எங்க ஊர் அண்ணன் முட்டி போச்சு. எங்க பக்கத்துலேயே அவரை மாதிரி ரைடர் கிடையாது. போனஸ் கோட்டுல கால் வைக்கிறதும் தெரியாது, திரும்பி வர்றதும் தெரியாது. அன்னைக்கு மூணு பேர் சேர்ந்து தொடையைப் பிடிச்சாங்க, உடம்பு திரும்புச்சு, கால் திரும்பல. லிகமென்ட் கிழிஞ்சிருச்சு. அந்தப் போட்டிக்கு முதல் பரிசு 15,000 ரூபாய். ஜெயிச்சிருந்தாலும் வேன் வாடகை 3,000 போக, 12 பேருக்கு ஆளுக்கு ஆயிரம்தான் வந்திருக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவங்க அம்மா தோட்டை அடகு வச்சாங்க. போட்டி நடத்தினவங்க ஒரு சால்வை போட்டுட்டுப் போனாங்க. அவர் இப்போ ஒரகடத்துல ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. பனிக்காலம் வந்தா நொண்டுவார்.

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வரும்: "லீக் வந்ததாலதாண்டா கபடிக்கே மரியாதை வந்துச்சு." ஒத்துக்கறேன். 2014 ஏலத்துல அதிகபட்ச விலை ராகேஷ் குமாருக்கு, 12 லட்சத்து 80 ஆயிரம். நாலே வருஷத்துல மோனு கோயத் 1 கோடியே 51 லட்சம். 2023-ல் பவன் ஷெராவத் 2 கோடியே 60 லட்சத்தைத் தாண்டினார். 30 செகண்ட் ரைடு, டூ ஆர் டை, சூப்பர் டேக்கிள்னு டிவிக்காக ஆட்டத்தை மாத்தினதால நம்ம பாட்டி கூட சீரியலை விட்டுட்டு உட்கார்ந்தாங்க. இதெல்லாம் நல்லதுதான். ஆனா அந்தக் காசு மேட்டுக்கு மேலேயே நின்னுடுது, மண்ணுக்கு இறங்க மாட்டேங்குது. என் சண்டை அதோடதான்.

காசை எப்படிப் பிரிக்கிறதுங்கிறது இன்னைக்கு வந்த கேள்வி இல்லை. 1903 அக்டோபர்ல அமெரிக்காவுல முதல் நவீன பேஸ்பால் வேர்ல்ட் சீரிஸ் நடந்தது. போஸ்டனும் பிட்ஸ்பர்க்கும் மோதினாங்க. ஒன்பது ஆட்டத்துல அஞ்சு ஜெயிக்கிறவனுக்குப் பட்டம். பிட்ஸ்பர்க் 3-1ன்னு முன்னாடி போச்சு, போஸ்டன் வரிசையா நாலு ஜெயிச்சு 5-3ன்னு கப்பைத் தூக்கியது. எனக்குப் பிடிச்ச விஷயம் ஸ்கோர் இல்லை. தோத்த பிட்ஸ்பர்க் வீரருக்கு ஆளுக்கு 1,316 டாலர் கிடைச்சது. ஜெயிச்ச போஸ்டன்காரருக்கு 1,182தான். பிட்ஸ்பர்க் முதலாளி பார்னி டிரேஃபஸ், டிக்கெட் வசூல்ல தனக்கு வந்த பங்கை வீரர்களுக்கே கொடுத்துட்டார். போஸ்டன் முதலாளி தன் பங்கைத் தானே வச்சுக்கிட்டார். கூட்டம் யாரைப் பார்க்க வந்துச்சுங்கிற கணக்கு ஒருத்தருக்குப் புரிஞ்சிருந்தது.

அவர் ஒருத்தரை வச்சு அந்தக் காலத்தைப் புகழவும் முடியாது. அந்த ரெண்டு டீம்லயும் ஒரு கறுப்பின வீரர் கூட இல்லை. எந்த ரூல் புக்லயும் எழுதாத தடை அது. 1947-ல் ஜாக்கி ராபின்சன் வர்ற வரைக்கும் உடையல. இதைப் படிச்சுட்டு 'அமெரிக்காவே இப்படித்தான்'னு சொல்றதுக்கு முன்னாடி நம்ம பக்கம் ஒரு தடவை திரும்பிப் பாருங்க. எந்தத் தெரு டீமுக்கு எந்த ஊர்ல ஃபோன் வரும், யாருக்கு வராது, ஜெர்சியில எந்தக் கலர் இருந்தா கிரவுண்டுல கல்லு விழும், இதெல்லாம் எந்த நோட்டீஸ்லயாவது அச்சடிச்சிருக்கா? ஆனா ஆடுற ஒவ்வொருத்தனுக்கும் தெரியும். 'பைசன்' படத்தைத் தியேட்டர்ல விசிலடிச்சுப் பார்த்த நாமதான், நம்ம ஊர் போட்டியில இதைக் கண்டுக்காம வர்றோம்.

பொண்ணுங்க கதை இன்னும் மோசம். 2016-ல் மூணு டீமோட ஒரு பெண்கள் கபடி லீக் வந்தது. ஃபைனல் ஒரே பாயின்ட்ல முடிஞ்சது, 24-23. அப்படி ஒரு ஆட்டத்துக்கு அப்புறமும் அடுத்த வருஷம் அந்த லீக் வரவே இல்லை. 2025-ல் பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல தங்கம் வாங்கிட்டு வந்த கண்ணகி நகர் கார்த்திகாவுக்கு நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம். நம்ம காலேஜ்ல பெண்கள் கபடி டீம் இருக்கான்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, புலம்பிட்டுப் போறதுக்கு இந்தக் கட்டுரை வேண்டாம். நம்மால முடியுறது மூணு இருக்கு.

முதல்ல, காயத்துக்கு ஒரு நிதி. ஒவ்வொரு போட்டியிலும் நுழைவுக் கட்டணம் வாங்குறாங்க. 500 ரூபாய் வாங்கினா அதுல 100 ரூபாயைத் தனியா வைக்கணும். 40 டீம் வந்தா 4,000. ஆபரேஷனுக்குப் பத்தாது, ஆனா ஸ்கேனுக்கு ஆகும். போட்டி முழுக்க முதலுதவி தெரிஞ்ச ரெண்டு பேர் கோட்டோரம் உட்கார்ந்திருக்கணும். நம்ம என்.எஸ்.எஸ். பசங்க அந்தப் பயிற்சியை எடுத்துட்டுத்தான் இருக்காங்க, சர்டிஃபிகேட்டோட நிறுத்தாம கிரவுண்டுக்கு வரட்டும். அடிபட்டவனைத் தரதரன்னு இழுத்து வெளியே போடுறதை நான் ரெண்டு தடவை பார்த்திருக்கேன். இடுப்பு, கழுத்துன்னா அதுவே போதும் ஆளை முடக்க.

ரெண்டாவது, மேட். நம்ம ஸ்டோர் ரூம்ல ஒரு செட் கபடி மேட் சுருட்டியே கிடக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை ஸோனல் வரும்போதுதான் விரியும். மண்ணுல ஆடிப் பழகினவன் திடீர்னு மேட்ல ஷூ போட்டு நின்னா கால் மாட்டிக்கும். செலக்ஷன்ல நம்ம பக்கத்துப் பசங்க பாதிப் பேர் அங்கதான் வழுக்குறாங்க. ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம் அதை விரிச்சு, சுத்துப்பட்டு ஸ்கூல் பசங்களையும் பொண்ணுங்களையும் உள்ளே விட என்ன கஷ்டம்?

மூணாவது, பேப்பர். பொறியியல் கவுன்சலிங்ல விளையாட்டு வீரர்களுக்கு 500 சீட் இருக்கு. அரசு வேலையில 3 சதவீதம் இருக்கு. ஆனா மின்னொளிப் போட்டிக் கோப்பையைக் காட்டி எதுவும் கேட்க முடியாது, அங்கீகரிச்ச போட்டியோட சர்டிஃபிகேட் வேணும். முதலமைச்சர் கோப்பைக்கு ஆன்லைன்ல பதிவு பண்ணணும்னு தெரியாமலே எங்க அண்ணனை மாதிரி பல பேர் வயசைத் தாண்டிட்டாங்க. நம்ம டிபார்ட்மென்ட்ல ஆப் பண்றேன்னு ஆளுக்கொரு புராஜெக்ட் தேடுறோமே, எந்தப் போட்டிக்கு எப்போ பதிவு, எந்தச் சர்டிஃபிகேட் எதுக்குச் செல்லும்னு தமிழ்ல சொல்ற ஒரு ஆப் பண்ணலாமே மச்சி.

வர்ற சனிக்கிழமை சாயந்திரம் ஸ்டோர் ரூம் சாவி கேட்டு பி.டி. சார்கிட்ட லெட்டர் கொடுக்கப் போறோம். இதுவரைக்கும் 11 பேர் கையெழுத்து போட்டிருக்காங்க, அதுல நாலு பேர் பொண்ணுங்க. சார் ஒத்துக்கிட்டா முதல் நாள் சொல்லிக் கொடுக்க வர்றேன்னு அண்ணன் சொல்லியிருக்கார். நைட் ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல காலையில ஏழு மணிக்குத் திண்டிவனத்துல இறங்குவார். அங்கிருந்து கூட்டிட்டு வர ஒரு பைக் வேணும்.