வலைத்தளத்திற்கு ஆள் வரும் வழி

ஈரோடு மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மஞ்சளை வலைத்தளத்தின் மூலம் நேரே விற்க முற்படும் மிராசுதார்களிற் சிலர், தளம் அமைத்தவுடன் தேடல் விளம்பரத்திற்குப் பணங் கட்டிவிடுகின்றனர். இம்முறை சரியன்று.

விளம்பரத்தால் வரும் கூட்டம் வாடகை எஞ்சின் இறைக்கும் நீரை ஒக்கும். எண்ணெய் தீர்ந்தால் வாய்க்கால் வறளும். கூகுள் தேடலில் தாமே கண்டு வருவோர் கிணற்றின் ஊற்றுப் போன்றவர். தோண்டச் சில மாதங்கள் பிடிக்கும். பெயரறிந்து நேரே வரும் பழைய வாடிக்கைக்காரர் இவ்விரண்டினும் மேலானவர்.

விளம்பரத்தைத் தொட்டவர் சரக்கு வாங்காவிடினும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு. 'மஞ்சள்' என்னும் ஒரே சொல்லுக்கு விளம்பரம் கொடுத்தால், மஞ்சள் நிறச் சேலை தேடுவோரும், முகத்திற் பூசும் விதம் கேட்போரும் வந்து போவர். காசு போனது போனதே! 'விரலி மஞ்சள் கிலோ விலை' என்று தேடுபவரே வாங்க வருபவர். வேண்டாத சொற்களை விலக்கவும் வசதியுண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை.

முதலிடம் வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் தரகரை நம்பலாகாது. அவ்வாறு எவரும் உறுதி கூற இயலாதெனக் கூகுள் நிறுவனமே அறிவித்துள்ளது.

முதற் செலவு பக்கத்திற்கே ஆகவேண்டும். விரலியா, கிழங்கா, மூட்டை எடை, விலை, ஊர் ஆகியவற்றைப் படத்தில் அடைக்காமல் எழுத்தாகவே பதிக்க வேண்டும். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதியக் கட்டணமில்லை. கிராம அதிகாரிகள் இதைக் குடியானவர்களுக்கு எடுத்துரைக்கலாம். பிறகும் விளம்பரம் அவசியமெனத் தோன்றினால், சரக்குக் கையிலுள்ள மாதங்களில் மட்டும், நாளொன்றுக்கு இவ்வளவென வரம்பு கட்டிச் செய்தாற் போதும்.