மணக்கக் கூடாதா?

பெண்கள் மணக்கலாம், ஆனால் அளவோடு மணக்க வேண்டும் என்பது நம் மத்தியதர வர்க்கத்தின் எழுதாத சட்டம். லாவண்டர் ஒரு சொட்டு என்றால் படித்த குடும்பம். நிலசம்பங்கியோ மல்லிகையோ, ஆள் வருமுன் வாசனை வந்து நிற்கிற ஸெண்ட்டைப் போட்டுக்கொண்டால் பார்வையே மாறிவிடுகிறது. "என்ன இது, கல்யாண மண்டபம் மாதிரி!" என்று பெண்களே சொல்லுகிறார்கள். ஆண்கள் சொல்லுவதை இங்கே அச்சில் போட முடியாது.

இந்தச் சட்டத்தை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

1948-இல் பாரிஸில் ராபர்ட் பிகே என்ற ஆடை அலங்காரக்காரரின் பெயரில் ஒரு ஸெண்ட் வெளிவந்தது. பெயர் 'ஃபிரகா'. பிரெஞ்சில் அதற்குப் பேரிரைச்சல், அமளி என்று அர்த்தம். செய்தவர் ஜெர்மேன் ஸெல்லியே என்ற பெண்மணி. ஆண்கள் கோலோச்சிய தொழிலில் நுழைந்து நிலைத்தவர். நிலசம்பங்கியை அவர் ஒளித்து வைக்கவில்லை. மல்லிகையையும் ஆரஞ்சுப் பூவையும் துணைக்குச் சேர்த்து, அதை நடுக்கூடத்தில் கொண்டுவந்து உட்கார்த்தி வைத்தார். இன்றும் அது விற்கிறது.

இந்த வெள்ளைப் பூக்களில் இண்டோல் என்றொரு சரக்கு இருக்கிறது. மன்னிக்கவும், அதே சரக்கு மலத்திலும் உண்டு. அது துளியளவு இருப்பதால்தான் மல்லிகை நம்மைக் கிறங்க வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சோப்பு. கௌரவமான வாசனை என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் இந்தச் சோப்பைத்தான். வாசனையிலே உடம்பு தெரிந்துவிடக் கூடாதாம்!

வேடிக்கை என்னவென்றால், சத்தியமங்கலம் பக்கத்திலே நம் மல்லிகையையே ஆலைகளில் கரைத்து மெழுகாக்கி அயல்நாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு இரண்டு மூன்று கிலோ மெழுகுதான் தேறும். அது புட்டிக்குள் அடைபட்டுத் திரும்பி வந்தால் நாகரிகம்; கூந்தலில் இருந்தால் பட்டிக்காடு. நிலசம்பங்கியைப் பற்றி மார்தட்டவும் நமக்கு இடமில்லை. அது மெக்ஸிகோவிலிருந்து வந்து, பெயரை மாற்றிக்கொண்டு, ஸ்வாமி கழுத்து வரைக்கும் ஏறிவிட்ட பூ.

ஆரணிப் பக்கம் சந்தவாசலில், புடவை எடுப்பதற்காக ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தேன். தறிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பேத்தி வேலைக்குக் கிளம்பி வந்தாள். கூடம் முழுக்க நிலசம்பங்கி. என்னோடு வந்திருந்த பட்டணத்து அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "இவ்வளவு வாசனை எதற்கு? வயசுப் பெண்ணுக்கு நல்லதா?" என்றாள்.

பேத்தி பதில் பேசவில்லை. பாட்டிதான் சொன்னாள்: "முப்பது வருசமா எனக்குப் பூ இல்லம்மா. இதுல பூ கண்ணுக்குத் தெரியல பாருங்க, யாரும் ஏன்னு கேக்க முடியாது. ராத்திரியில நானும் ரெண்டு சொட்டு வச்சிக்கிறேன்."

"ஆயா!" என்று பேத்தி வெட்கப்பட்டாள். பாட்டி வெட்கப்படவில்லை.

நம் ஊரில் பூ வெறும் பூவல்ல, விளம்பரப் பலகை. புருஷன் இருக்கிறான், இல்லை என்பதைத் தெருவுக்கு அறிவிக்கும் பலகை. அவன் போனதும் பலகையைக் கழற்றிவிடுவார்கள். கூந்தலின் பூவை எடுத்த அதே கைதான் இன்று புட்டியைப் பார்த்து "கொஞ்சம் குறைவாக" என்கிறது. யாருக்காக மணக்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியாத பெண்ணைக் கண்டு இவர்களுக்குப் பயம். தனக்காகவே மணக்கிறாள் என்ற பதில் இவர்கள் புத்தியில் ஏறுவதே இல்லை.

தலைவலி வருகிறது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நெரிசலான பஸ்ஸில் அது நியாயமான புகார்தான். ஆனால் மாப்பிள்ளைகள் பூசிக்கொள்ளும் அத்தரால் யாருக்காவது தலை வலித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாட்டை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். ஸெண்ட்டைப் பட்டின்மேல் தெளிக்கக் கூடாது. அதிலுள்ள சாராயம் கறை போட்டுவிடும். கழுத்திலும் மணிக்கட்டிலும் வைத்து, உலர்ந்த பிறகு புடவையைச் சுற்றிக்கொள்ள வேண்டும்.