ஒழுகுவது வண்டியின் இயல்பா, வினைஞரின் சோம்பலா?

"புல்லட்டு என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும்" என்னும் பேச்சு தமிழ்நாட்டுப் பட்டறைகளில் மறைமொழிபோல் ஓதப்பட்டு வருகின்றது. ஒழுகாவிடின் உள்ளே எண்ணெய் இல்லையென்று பொருள் என நகையாடுவாரும் உளர். நகைச்சுவைக்கு அது பொருந்தும். ஆயின், கூலி பெற்றுப் பொறியைப் பிரித்துப் பூட்டியவர் அதையே விடையாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வது நகைச்சுவையன்று, ஏமாற்று! ஒழுகும் இயல்பு என்று எந்தப் பொறிக்கும் எழுதி வைக்கப்படவில்லை. ஒழுங்காகப் பூட்டத் தெரியாமை உண்டு. தெரிந்தும் பூட்டாமை அதனினும் மிகுதியாக உண்டு.

இங்கிலாந்தின் இரெட்டிச்சு நகரில் பிறந்து, 1950-களின் நடுவிலிருந்து சென்னையை அடுத்த திருவொற்றியூரில் உருவாகி வந்த பழைய வார்ப்பிரும்புப் பொறியையே எடுத்துக்கொள்க. 2008 முதல் புதிய பொறிகள் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிவிட்டன எனினும், பழைய வண்டிகள் இன்றும் ஓடுகின்றன, இன்றும் பிரிக்கப்படுகின்றன. உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிசுட்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறை பிசுட்டன் கீழிறங்கும்போதும் 346 கன செண்டிமீட்டர் அளவு வளி, கீழேயுள்ள கிராங்குப் பெட்டிக்குள் நெருக்குண்கிறது. மணித்துளிக்கு 3000 சுற்று என்னும் விரைவில் இது நொடிக்கு 50 முறை நிகழும். நெருக்குண்ட வளி எங்கே போகும்? அதற்கென வைக்கப்பட்டதே மூச்சுக்குழல். பட்டறையில் அதனைப் பிரீதர் என்பர். உள்வளியை வெளியே விட்டு, வெளிவளியை உள்ளே விடாத சிறு இரப்பர் வாய் அதற்கு உண்டு. அவ்வாய் விறைத்தோ, அடைபட்டோ, தலைகீழாக மாட்டப்பட்டோ இருப்பின், வளி தனக்கு வேறு வழி தேடும். இணைப்பு தோறும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். மூச்சுக்குழலை ஊதியும் பாராமல், அடைதாளை மட்டும் மூன்று முறை மாற்றி மூன்று முறையும் கூலி பெறுகின்றவரை என்னவென்று சொல்வது?

அடைதாள் என்பது கேசுகட்டு. அதன்மேல் இன்று நடக்கும் கொடுமை பசைக் கொடுமை. குழாயைப் பிதுக்கிச் சிலிக்கோன் பசையை விரற்கடைப் பருமனுக்கு அப்பிவிட்டால் வேலை முடிந்ததாம்! வெளியே பிதுங்கிய பசையை அனைவரும் காண்கின்றனர். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருப்பதை எவரும் காண்பதில்லை. உள்ளே பிதுங்கிய பசை வால்போல் அறுந்து எண்ணெயோடு ஓடி, எண்ணெய் செல்லும் நுண்துளையில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு எண்ணெயின்றி உராய்வது கிராங்குத் தண்டின் இணைப்பு. வெளியே நான்கு சொட்டு ஒழுகுவதை நிறுத்தப் போய்ப் பொறியையே கொன்ற கதை இது. கிராங்குப் பெட்டியின் இரு பாதிகளுக்கு இடையே தாளே கிடையாது. அங்குப் பசை வேண்டும்தான். ஆயின் கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் மென்படலம் போதும். அதுவும் எண்ணெய்ப் பிசுக்கற்ற பரப்பில்தான் பற்றும். மண்ணெயில் கழுவியபின் கன்னெயோ தின்னரோ தொட்ட துப்புரவான துணியால் துடைத்து உலரவிடாமல் பூசும் பசை, சுவரில் ஈரத்தின்மேல் ஒட்டிய சுவரொட்டியே.

இதனினும் கொடியது திருப்புளி. மூடி எளிதில் கழலவில்லை என்றவுடன் இரு பரப்புகளின் நடுவே திருப்புளியைச் செருகி நெம்புகின்றனர். அலுமினியம் மென்மையான மாழை. ஒரே நெம்பில் வாய்க்கால்போல் வடு விழுந்துவிடும். அவ்வடுவை உலகின் எந்தப் பசையும் நெடுநாள் அடைக்காது. மரத்துண்டால் அல்லது இரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டியிருந்தால் வராத வினை! பழைய தாளைச் சுரண்டவும் மரச்சீவலே போதும். வடு விழுந்துவிட்டதெனின், தடித்த கண்ணாடிப் பலகையில் நுண்ணிய உப்புத்தாளை விரித்து எண்ணெய் தொட்டு, மூடியை எட்டு வடிவில் தேய்த்துப் பார்க்க வேண்டும். மேடு மின்னும், பள்ளம் மங்கிக் கிடக்கும். பரப்பு முழுதும் ஒரே நிறமாகும் வரை தேய்த்தலே வேலை.

இறுக்குவதிலும் வீரம் காட்டுவார் பலர். பழைய புல்லட்டின் இடப்பக்கச் சங்கிலிப் பெட்டியின் மூடி நடுவில் ஒரே மரையால் பிடிக்கப்பட்டிருக்கும். ஒழுகுகிறதென்று அம்மரையை மேலும் மேலும் முறுக்கினால் நடு குழிந்து விளிம்பு எழும். ஒழுக்கு கூடுமேயன்றிக் குறையாது. அங்கு மாற்ற வேண்டியது விளிம்பிலுள்ள இரப்பர் வளையம். பல திருகாணிகள் உள்ள மூடிகளில் எதிரெதிராக, இரண்டு மூன்று தவணையாக இறுக்குதல் வேண்டும். முறுக்குவிசை காட்டும் டார்க்கு ரெஞ்சு சிறு பட்டறைகளில் காண்பதற்கு அரிது; கைப்பழக்கமே அளவு என்பர். அக்கைப்பழக்கம்தான் அலுமினியத்தின் புரிகளைத் தின்றிருக்கிறது!

சுழலும் தண்டைச் சூழ்ந்த ஆயில் சீலின் சுருள்வில் உள்ள பக்கம் எண்ணெயை நோக்கியிருத்தல் வேண்டும். அதன் உதட்டில் சிறிது மசகு தடவ வேண்டும். செம்பு வாசரைச் சிவக்கக் காய்ச்சி நீரிலிட்டால் மீண்டும் மென்மையாகும். இவை பத்துக் காசு செலவில்லாத வேலைகள்.

பழி வினைஞர்க்கு மட்டுமன்று. காலையில் விட்டு மாலையில் வேண்டும் என்று நெருக்குகின்ற, தேய்க்கும் ஒரு மணி நேரத்திற்குக் கூலி தர மனமில்லாத உடையவருக்கும் அதில் பங்குண்டு. தரையில் விழும் சொட்டு பெரிதன்று எனக் கருதுவாரே, அது பின்னுருளியின் இரப்பரில் படர்ந்த நாளில் வளைவொன்றில் சறுக்கி வீழ்வது யார்?

பூட்டி முடித்த பொறியை ஒருமுறை நன்கு சூடேற ஓட்டி, முழுதும் ஆறியபின் தலையின் மரைகளை மீண்டும் பார்த்தல் வேண்டும். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், முதற்சூட்டில் அடைதாள் அமுங்கி இறுக்கம் தளரும். அதன் பிறகும் ஈரம் தெரியின், பசைக்குழாயைத் தேடவேண்டா. பொறியை முழுதும் கழுவி உலர்த்திச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவி ஐந்து மணித்துளி ஓட்டுக. எண்ணெய் கீழ்நோக்கி வழியும்; ஓடுகையில் காற்றால் பின்னோக்கியும் பரவும். ஆகவே சொட்டும் இடம் வேறு, ஊறும் இடம் வேறு. வெண்தூளில் முதலிற் கருக்கும் இணைப்பு எதுவோ, அதனை மட்டும் பிரிக்க.