'பாஸ்' என்ற ஒற்றைச் சொல்: செவியைச் சோதித்தால் கேட்டலைச் சோதித்ததாகுமா?

பச்சிளம் குழந்தைகளின் கேட்கும் திறனைச் சோதிக்கும் வழக்கம் இந்திய மருத்துவமனைகளில் மெல்லப் பரவி வருகிறது. குழந்தையின் காதில் சிறு முனையொன்றைப் பொருத்திச் சிறிது நேரத்தில் முடிவைக் காட்டும் கையடக்கக் கருவி பல மகப்பேறு மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டது. திரையில் 'பாஸ்' என்று தோன்றியதும் பெற்றோர் நிம்மதியடைகின்றனர். மருத்துவக் குறிப்பில் அச்சொல் பதிவாகிறது. அத்துடன் பேச்சு முடிந்துவிடுகிறது. இச்சோதனை எதை அளக்கிறது, எதை அளக்காமல் விடுகிறது என்பதை மருத்துவத் துறையினர் மட்டுமன்றி மொழியியலும் கல்வியியலும் பயில்வோரும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் அது அளக்காமல் விடும் பகுதியே சில குழந்தைகளின் மொழிவளர்ச்சியைத் தீர்மானித்துவிடுகிறது.

அந்தக் கையடக்கக் கருவிகளுள் பெரும்பாலானவை செய்வது ஓ.ஏ.இ. சோதனை. உட்செவியிலுள்ள காக்ளியா ஒலியைப் பெறுவதோடு நில்லாமல், தானும் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 1978இல் பிரிட்டனின் டேவிட் கெம்ப் வெளியிட்டார். காக்ளியாவின் புற மயிர்செல்கள் நலமாக இருப்பின் இவ்வெதிரொலி கிடைக்கும். அவை சிதைந்திருப்பின் கிடைக்காது. விரைவும் எளிமையும் இச்சோதனையின் வலிமை. ஆனால் அதன் எல்லை காக்ளியாவோடு முடிகிறது. அங்கிருந்து செவிநரம்பு வழியே மூளைக்குச் செல்லும் பாதையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. வாசற்கதவு திறந்திருப்பதைக் கண்டு, வீட்டுக்குள் ஆள் இருப்பதாக முடிவு செய்வதற்கு ஒப்பானது ஓ.ஏ.இ.யை மட்டும் நம்புவது.

நரம்பின் பாதையை அறிய உதவுவது ஒலியால் தூண்டப்படும் மின்னழுத்தங்களை அளக்கும் முறை. ஒலி கேட்கும்போது விழித்திருக்கும் மனிதரின் மூளை மின்னலைகளில் மாற்றம் நிகழ்வதை 1939இல் பாலின் டேவிஸ் பதிவு செய்தார். 1967இல் இஸ்ரேலின் சோமர், ஃபைன்மெசர் ஆகியோர் செவிநரம்பின் செயற்பாட்டைத் தோலின் மேல் வைத்த மின்முனைகள் வழியாகவே பதிய முடியும் எனக் காட்டினர். 1971இல் அமெரிக்காவின் ஜுவெட், வில்லிஸ்டன் இருவரும் ஒலி எழுந்த 10 மில்லிவினாடிக்குள் தோன்றும் அலைவரிசையை விரிவாக விளக்கி, அவ்வலைகளுக்கு ரோமன் எண்களை இட்டனர். இன்றும் உலகெங்கும் அவ்வெண்களே வழங்குகின்றன. இந்திய மருத்துவமனைகளில் நோயாளிகளும் மருத்துவர்களும் 'பெரா' என்று குறிப்பிடுவது இச்சோதனையைத்தான்.

இதன் செயல்முறை எளிமையான கணக்கொன்றை அடிப்படையாகக் கொண்டது. செவிநரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் மின்னழுத்தம் தலையின் மேற்பரப்பை எட்டும்போது ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கும். மூளையின் பிற மின்னலைகளும் தசைகளின் அசைவும் அதனை முற்றிலும் மூழ்கடித்துவிடும். ஆகவே ஒரே 'கிளிக்' ஒலி ஆயிரம், இரண்டாயிரம் முறை ஒலிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பதிவுகள் கூட்டிச் சராசரியாக்கப்படுகின்றன. ஒலியோடு தொடர்பற்ற இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒலிக்குப் பின் அதே கணத்தில் தவறாமல் தோன்றும் அலை மட்டும் எஞ்சுகிறது. நன்கு கேட்கும் பெரியவரிடம் உரத்த கிளிக் ஒலிக்கு முதல் அலை ஏறத்தாழ 1.5 மில்லிவினாடியிலும், ஐந்தாம் அலை ஏறத்தாழ 5.5 மில்லிவினாடியிலும் தோன்றும். முதல் அலை செவிநரம்பிலிருந்து எழுவது. ஐந்தாம் அலை மூளைத்தண்டின் மேற்பகுதியைச் சார்ந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலம் நீண்டால் பாதையில் எங்கோ தடையுள்ளது என்று பொருள். செவிநரம்புக் கட்டிகளை ஐயுறவும், மூளை அறுவையின்போது நரம்பைக் கண்காணிக்கவும் இதே அளவீடு பயன்படுவது இதனால்தான்.

சராசரியாக்கும் இம்முறையில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. நரம்பிழைகள் ஒருசேர, ஒரே கணத்தில் இயங்கினால் மட்டுமே அலை எஞ்சும். ஒவ்வோர் இழையும் தனித்தனியே இயங்கினாலும், அவற்றின் நேரம் சிதறியிருந்தால் சராசரியில் அலை கரைந்துவிடும். பெரா அளப்பது ஒலியின் வருகையை மட்டுமன்று, நரம்பின் ஒத்திசைவையும்.

1996இல் ஆர்னால்ட் ஸ்டாரும் அவருடன் பணியாற்றியோரும் 10 பேரைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மைக்கு மருத்துவப் பெயரொன்றைத் தந்தது. அப்பத்துப் பேரிடமும் புற மயிர்செல்கள் இயங்கின. ஆனால் மூளைத்தண்டின் அலைகள் தோன்றவில்லை, அல்லது பெரிதும் சிதைந்திருந்தன. இந்நிலை 'ஆடிட்டரி நியூரோபதி' என அழைக்கப்படலாயிற்று. இக்கோளாறுடைய குழந்தை ஓ.ஏ.இ. சோதனையில் 'பாஸ்' பெறும். கதவு தட்டும் ஓசைக்குத் திரும்பிப் பார்க்கவும் கூடும். பேச்சு மட்டும் அதற்குத் தெளிவாகச் சென்று சேராது.

பேச்சு ஏன் சேர்வதில்லை என்ற கேள்விக்கு மொழியியலில் விடையுண்டு. பேச்சொலிகள் பலவற்றை வேறுபடுத்துவது உரப்பன்று, காலம். இந்தியில் ஒரே இடத்தில் பிறக்கும் வல்லொலிகள் நான்கு வகைப்படும். அவற்றைப் பிரிப்பதில் அடைப்பு விடுபடும் கணத்துக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையேயுள்ள சில பத்து மில்லிவினாடிகள் பெரும்பங்கு வகிக்கின்றன. தமிழில் 'கனி', 'கன்னி' என்னும் சொற்களைப் பிரிப்பது மெய்யொலி நீடிக்கும் நேரம். நரம்பின் ஒத்திசைவு குலைந்தவர்களால் ஒலிகளுக்கு இடையேயுள்ள சிறு இடைவெளிகளை உணர இயல்வதில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன. வேறுபாடு எத்துணைக் குறுகியதோ அத்துணை எளிதில் அது மங்கும். இத்தகையோரின் சொல்லறியும் திறன் அவர்களின் கேட்டல் வரைபடத்தைக் கொண்டு எதிர்பார்ப்பதைவிடப் பெரிதும் தாழ்ந்திருப்பதும், இரைச்சலில் மேலும் வீழ்வதும் இக்காரணத்தாலேயே. ஒலியைப் பெருக்கும் காதுக் கருவியால் குலைந்த காலத்தைச் சீராக்க முடியாது.

இக்கோளாறு யாருக்கு வரக்கூடும் என்பதும் பெருமளவு அறியப்பட்டதே. குறைப்பிரசவம், பிறக்கும்போது ஏற்படும் ஆக்சிஜன் குறைவு, இரத்தம் மாற்றும் அளவுக்கு முற்றிய மஞ்சள் காமாலை ஆகியவை முதன்மையான காரணங்கள். இவை மூன்றும் இந்தியப் பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் அன்றாடப் பணி. அமெரிக்காவின் குழந்தைக் கேட்டல் கூட்டுக்குழு, 5 நாட்களுக்கு மேல் தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கு மூளைத்தண்டு அலைகளை அளக்கும் சோதனையே வேண்டும் என 2007இல் பரிந்துரைத்தது. தீவிர சிகிச்சையிலிருந்து வீடு திரும்பும் குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் செய்து 'பாஸ்' என எழுதுவது, ஆபத்து மிகுந்த இடத்தில் அவ்வாபத்தைக் காணவியலாத கருவியைப் பயன்படுத்துவதாகும்.

இந்தியாவில் கட்டமைப்பே இல்லை என்று கூறவியலாது. தேசியக் காதுகேளாமைத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுத் திட்டம் 2006-07இல் முன்னோடியாகத் தொடங்கியது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டம் கண்டறிய வேண்டிய பிறவிக் குறைபாடுகளுள் காதுகேளாமையையும் சேர்த்தது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் அறுபதாண்டுகளாக வல்லுநர்களை உருவாக்கி வருகிறது. எர்ணாகுளத்தில் முதலில் ஓ.ஏ.இ., பின்னர் பெரா என்ற படிமுறையில் பல மருத்துவமனைகளை இணைத்த சோதனைத் திட்டம் பல்லாண்டுகள் நடந்து காட்டியுள்ளது. குறை அறிவிலன்று, எந்தக் குழந்தைக்கு எந்தச் சோதனை என்ற விதியை எல்லா இடத்திலும் கட்டாயமாக்காததில்தான்.

எதிர்வாதங்கள் உண்டு, அவை புறந்தள்ளத்தக்கனவும் அல்ல. பெராவுக்கு நேரம் கூடுதலாகும். குழந்தை உறங்க வேண்டும். முழுமையான பதிவைப் படிக்கத் தேர்ந்த கண் தேவை. கருவியின் விலையும் அதிகம். மாவட்ட மருத்துவமனையில் கேட்பியல் வல்லுநர் ஒருவரைக் காண்பதே அரிதாக இருக்கையில் இது பேராசை எனத் தோன்றலாம். ஆனால் இங்கு எழும் கோரிக்கை பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முழு பெரா என்பதன்று. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து செல்லும் குழந்தைகளுக்கு மட்டும் தானியங்கி பெரா போதும். அது அலையைக் கணினியே ஒப்பிட்டு முடிவு கூறும் வகை. பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். பால் குடித்து உறங்கும் குழந்தைக்குத் தூக்க மருந்தும் பெரும்பாலும் தேவைப்படாது. பல வாரங்கள் தீவிர சிகிச்சை அளித்துக் காப்பாற்றிய குழந்தைக்குச் சில நிமிடங்களை ஒதுக்க இயலாது என்பது வாதமாக நிற்காது.

அதே வேளையில் பெராவை இறுதித் தீர்ப்பாகக் கொள்வதும் பிழை. கிளிக் ஒலிக்கான அலை பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைக் குறிக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களின் இழப்பு அதில் தப்பிவிடலாம். மூளைத்தண்டு முதிர்ந்து பெரியவர்களின் அளவை எட்ட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆவதால், குறைமாதக் குழந்தையின் பதிவை வயதுக்கேற்ற அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அலை தோன்றாமை முழுச் செவிடு என்று பொருள்படாது. நியூரோபதி உள்ளவரின் கேட்டல் அளவு இயல்பு முதல் மிகக் கடுமையான இழப்பு வரை எங்கும் இருக்கலாம். அலை இல்லை என்பதற்காகவே வலுமிக்க காதுக் கருவியைப் பொருத்தினால் நலமாயிருக்கும் மயிர்செல்களுக்கும் தீங்கு நேரலாம். கிளிக்கின் துருவத்தை மாற்றி மாற்றிப் பதிந்து, காக்ளியாவின் மின்குறி தலைகீழாகிறதா எனப் பார்ப்பதும், ஓ.ஏ.இ. முடிவோடு ஒப்பிடுவதும் இதனால் இன்றியமையாதவை. ஒன்று காக்ளியாவின் சாட்சி, மற்றொன்று நரம்பின் சாட்சி. இரண்டையும் கேட்ட பின்பே முடிவு கூறல் தகும்.

தீவிர சிகிச்சை வரலாறே இல்லாத குழந்தைகளும் உள்ளனர். ஒட்டோஃபெர்லின் என்னும் புரதத்துக்குரிய மரபணு பழுதுபட்டால், நலமாகப் பிறந்த குழந்தைக்கும் இக்கோளாறு நேரும். இது ஒடுங்குநிலையில் கடத்தப்படுவது. நெருங்கிய உறவில் மணம் புரியும் வழக்கமுள்ள பகுதிகளில் கூடுதல் கவனம் தேவை. ஆகவே பிறப்புச் சோதனையோடு பொறுப்பு முடிவதில்லை. 'பாஸ்' பெற்ற குழந்தை ஒன்றரை வயதிலும் சொல் பேசவில்லை என்று தாய் கூறினால், பழைய சீட்டைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பாமல் பெராவுக்கு அனுப்புவதே முறை.

இவ்வளவு அவசரம் ஏன்? ஆறு மாதத்துக்குள் கண்டறிந்து உதவி பெற்ற குழந்தைகளின் மொழித்திறன், பின்னர் கண்டறியப்பட்டோரினும் மேம்பட்டிருப்பதை 1998இல் யோஷினாகா-இட்டானோ குழுவினர் காட்டினர். புறணியிலிருந்து எழும் பி1 என்னும் அலையை அளந்த அனு சர்மா குழுவினர், மூன்றரை வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளாண்ட் பெற்றோரிடம் அது இயல்பு நிலைக்கு வருவதையும், ஏழு வயதுக்குப் பின் பெற்றோரிடம் பெரும்பாலும் வராததையும் கண்டனர். மூளை காத்திருக்கும், ஆனால் காலவரையின்றிக் காத்திராது.

இங்கு மொழியியலாளர் நினைவூட்ட வேண்டிய கடமை ஒன்றுண்டு. காலத்துக்குள் மூளைக்குத் தேவைப்படுவது மொழி. அது ஒலி வழியாக மட்டுமே வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. சைகை மொழி இலக்கணமுடைய முழுமொழி. அதன் பாதையில் செவிநரம்பு இல்லை. எனவே அந்நரம்பின் ஒத்திசைவுக் குலைவு அதனைத் தொடாது. நியூரோபதி உள்ள குழந்தைக்கு இம்ப்ளாண்ட் பலனளிக்குமா என்பதை அறிய மாதங்கள் ஆகலாம். அம்மாதங்களை மொழியின்றிக் கழிக்க விடுவதற்கு நியாயமேதுமில்லை. இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015இல் நிறுவப்பட்டது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் இந்தியச் சைகை மொழியை நாடெங்கும் தரப்படுத்துவதைக் குறிப்பிடுகிறது. ஆயினும் சோதனை அறையிலிருந்து வெளிவரும் பெற்றோரிடம் கருவிகளின் விவரம் தரப்படும் அளவுக்குச் சைகை மொழி பற்றிய விவரம் தரப்படுவதில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவானவை. தீவிர சிகிச்சைக் குழந்தைகள் அனைவருக்கும் தானியங்கி பெரா கட்டாயமாக வேண்டும். குறிப்பில் 'பாஸ்' என்று மட்டும் எழுதாமல், எந்தச் சோதனையில் என்பதையும் எழுத வேண்டும். பேச்சு தாமதமாகும் எக்குழந்தைக்கும் பழைய முடிவைக் கருதாமல் மறுசோதனை வேண்டும். ஐயம் எழுந்த நாளிலேயே மொழிக்கான வழி, கருவியோ சைகையோ இரண்டுமோ, திறக்கப்பட வேண்டும். இவற்றுள் இரண்டாவதற்குச் செலவே இல்லை; நாளையே தொடங்கலாம்.