கடைசி அரைக் கிலோமீட்டர்

திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் கதையைச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. தறிச் சத்தம் கேட்ட ஒரு வீட்டுத் திண்ணையில் சற்று உட்கார்ந்தேன். வீட்டுக்கார அம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"பட்டணத்திலிருந்தா வரீங்க, தம்பி? ரயிலிலா?"

"ஆமாம் அம்மா, ரயிலில்தான்."

"ரயிலைப் பத்தி என்கிட்டே கேளுங்க!" என்று ஆரம்பித்தார். காஞ்சிக்கு 1865-லேயே ரயில் வந்துவிட்டது. ஆகவே அந்த வட்டாரத்தாருக்கு ரயிலைப் பற்றிப் பேசப் பூரண உரிமை உண்டு!

அவருடைய மகளுக்கு அப்போது வேளச்சேரியில் வேலை. மகளைப் பார்க்கப் புறப்பட்டால், செங்கற்பட்டு வழியாகப் பரங்கிமலை வரை ரயிலில் சுகமாகப் போய்விடுவாராம். அதற்கப்புறம் வேளச்சேரி 5 கிலோமீட்டர்தான். அந்த 5 கிலோமீட்டருக்குத்தான் முறுக்கு டப்பாவும் துணி மூட்டையுமாகப் பஸ்ஸுக்கு அலைச்சல்.

"பாலம் மட்டும் தலைக்கு மேலே நின்னுது, தம்பி. ரயிலைத்தான் காணோம்!"

அம்மாள் சொன்னதில் மிகையில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரியை எட்டியது. அதைப் பரங்கிமலையோடு இணைக்கும் வேலை 2008-ல் தொடங்கியது. தூண்கள் மளமளவென்று எழும்பின. ஆனால் ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் நிலம் வழக்கில் சிக்கிக்கொண்டது. பத்து வருஷத்துக்கு மேல் வேலை முடங்கிற்று. 495 கோடி ரூபாய் என்று போட்ட கணக்கு 730 கோடியைத் தாண்டியது.

நஷ்டஈடு போதாது என்று கோர்ட்டுக்குப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் சமையலறை இருக்கும் இடத்தில் பாலம் வருகிறது என்றால் நாமும் நியாயமான விலையைத்தானே கேட்போம்? விலையைப் பேசி முடிக்காமல் தூணை நட்டதுதான் பிசகு.

லண்டன்காரர்களும் இதில் நமக்கு இளைத்தவர்கள் அல்லர். 2018 டிசம்பரில் ஓட வேண்டிய எலிசபெத் ரயில், 2022 மே மாதம்தான் ஓடியது. சுரங்கம் எப்போதோ தோண்டியாகிவிட்டது. ரயிலையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பொருத்துவதில்தான் தாமதம்.

உள்ளே அம்மாளின் கணவர் கோர்வைப் புடவை நெய்துகொண்டிருந்தார். உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். "இதில் எது கஷ்டம்?" என்று கேட்டேன்.

"நெய்யறது இல்லே, தம்பி, சேர்க்கிறதுதான். அதனாலேதான் பாவு ஏத்தறதுக்கு முன்னாடியே கரைக்கு எத்தனை இழை, உடலுக்கு எத்தனை இழைன்னு எண்ணி வெச்சுடுவோம்" என்றார்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டராகத் திட்டமிடப்பட்டது. அதில் எத்தனை கோர்வைகளோ! கணக்குப் போடும் பெரியவர்கள், முதல் தூணுக்கு நாள் பார்க்குமுன் கடைசி அரைக் கிலோமீட்டருக்கு வழி பார்க்கட்டும்.

சரிகை எவ்வளவு பளபளத்தால் என்ன? முந்தி சேராத புடவையை எந்தப் பெண் உடுத்துவாள்?