மலட்டுக் கம்பு தந்த பாடம்



மதீனத்து மக்கள் பேரீச்சையின் ஆண்பாளையைப் பெண்பாளையோடு சேர்த்து வைத்த செய்தியை ஹதீஸில் படித்திருப்பீர்கள். உலகத் தொழில்களில் அனுபவ அறிவின்படி நடந்துகொள்ள அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இசைவளித்த நிகழ்ச்சி அது. பேரீச்சையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆகவே மனிதனின் கை எளிதில் துணைபுரிந்தது. கம்பிலோ ஆணும் பெண்ணும் ஒரே கதிரில் உறைகின்றன. இரு வேறு வகைகளைக் கலந்து வீரிய ஒட்டு விதை பெற வேண்டுமானால், தாயாகும் கதிர் தன் வகையின் மகரந்தத்தையே ஏற்காதபடி தடுக்க வேண்டும். வயல் முழுவதும் இதைச் செய்ய யாரால் இயலும்?

இச்சிக்கலை அவிழ்த்தது ஒரு குறைபாடே! அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தீவனப் புல்வகைகளை ஆராய்ந்த கிளென் பர்ட்டன், மகரந்தம் வளம் பெறாத கம்புச் செடிகளைப் பற்றி 1958இல் எழுதினார். அவற்றின் பெண்ணுறுப்பில் பழுதில்லை. அயல் மகரந்தம் விழுந்தால் மணி பிடிக்கும்.

இந்த ஆண்மலடு எங்கிருந்து வருகிறது? உயிரணுவுக்கு ஆற்றல் வழங்கும் மைட்டோகாண்டிரியாவிலிருந்து. அது தாய்வழியே மட்டும் விதைக்குச் செல்வதால், மலட்டுத் தாயின் மக்களும் மலடாவர். தந்தைச் செடியின் உட்கருவில் வளம் மீட்கும் மரபணு இருந்தால் மட்டுமே அக்குறை நீங்கும். தீவனத்துக்கு மட்டும் வளர்ப்போருக்கு இந்த மீட்பு தேவையில்லை. தானியம் வேண்டுவோருக்கு இன்றியமையாதது.

பர்ட்டன் உருவாக்கிய ‘டிஃப்ட் 23ஏ’ என்னும் மலட்டுத் தாயைக் கொண்டு, 1965இல் பஞ்சாபிலிருந்து எச்.பி.1 என்ற வீரிய ஒட்டுக் கம்பு வெளிவந்தது. 1970-71இல் இந்தியாவின் கம்பு விளைச்சல் சுமார் 80 இலட்சம் டன்னை எட்டியது. ஆனால் அடுத்தடுத்து வந்த ஒட்டு ரகங்களுக்கும் அந்த ஒரே தாய்தான்! அத்தாய்க்கு அடிச்சாம்பல் நோயை எதிர்க்கும் வலுவில்லை. 1970களின் தொடக்கத்தில் அந்நோய் வயல்தோறும் பரவியது. மணி பிடிக்க வேண்டிய கதிர்கள் பச்சை இலைக்கொத்துகளாயின. பின்னரே அறிஞர்கள் வேறு வேறு தாய் வரிசைகளைத் தேடி உருவாக்கினர்.

குறையென்று நாம் ஒதுக்குவதிலும் வல்ல நாயன் பயனை வைத்துள்ளான். ஆனால் கிடைத்த பயன் ஒன்றையே நம்பி, ஏனைய வகைகளைக் கைவிடுவது அறிவுடைமையாகாது. பயிரிடும் சகோதரர்களே! ஒட்டு ரகத்தில் விளைந்த மணியை மீண்டும் விதைத்தால் அதே வீரியம் கிட்டாது. உங்கள் நிலத்தில் ஒரே ரகத்தை மட்டும் நிரப்பாதீர்கள். பாட்டனார் காத்த நாட்டு விதையையும் ஒரு பாத்தியிலேனும் வாழவிடுங்கள்.